காலையில் முரண்டு பிடிக்கும் டர்போ கார்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

டிசம்பர் பள்ளி விடுமுறை முடிந்ததும் எங்கள் பட்டறைக்கு ஒரே மாதிரியான கார்கள் வரிசையாக வரும். குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய்த் திரும்பியவை. "இங்கே நல்லாத்தான் ஓடுச்சு அண்ணே. அங்கே விடியக்காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரே உதறல். ஜோகூர் வந்ததும் தானா சரியாப் போச்சு" என்பார்கள். சரியாகிவிட்டதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இன்னும் அதிகம். எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான். கோளாறு இங்கேயே இருந்தது. மலைக் குளிர் அதை வெளியே இழுத்துப் போட்டது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் குளிர் ஏது என்று கேட்கலாம். இங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரியை ஒட்டித்தான். ஆனால் எஞ்சினின் கணக்கு வேறு. அது 90 டிகிரிச் சூட்டில் வேலை செய்வதற்காகக் கட்டப்பட்டது; சில எஞ்சின்கள் 100-ஐயும் தாண்டும். வீவக கார்நிறுத்துமிடத்தில் இரவு முழுக்க நின்று காலையில் 27 டிகிரியில் இருக்கும் எஞ்சின், அதன் அளவில் நன்றாகக் குளிர்ந்து கிடக்கிறது. பல கார்களில் ஊற்றும் 5டபிள்யூ-30 ரக ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 27 டிகிரியில் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவது டர்போ; நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலக்கூடிய அதன் தண்டு, அந்த ஆயில் படலத்தின் மீதுதான் மிதக்கிறது. பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, எம்ஆர்டி நிலையத்தில் மனைவியை இறக்கிவிட்டு, எட்டு நிமிடத்தில் திரும்பி வந்து நிறுத்தும் கார் ஒருநாளும் முழுச்சூடு ஆவதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்த எட்டு நிமிடத்தில் பிறப்பவை.

முதலில், ஸ்டார்ட் செய்யாமல் ஒரு நிமிடம்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இங்கிருந்து தொடங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி (காரின் கம்ப்யூட்டரோடு பேசும்) துளையில் செருகும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியோடு புளூடூத்தில் இணைவது போதும், விலை அதிகமில்லை. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினை ஓட விடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு மூன்று எண்களைப் பாருங்கள்: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு, வெளிக்காற்றின் சூடு. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்ற வண்டியில் இந்த மூன்றும் நான்கைந்து டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு கார் வந்தது. காலையில் மட்டும் ஆறேழு விநாடி சுற்றிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகும். வேறோர் இடத்தில் பேட்டரி மாற்றி, பிறகு பெட்ரோல் பம்பும் மாற்றி, தொள்ளாயிரம் வெள்ளி செலவழித்திருந்தார்கள். நான் வண்டியை இரவு எங்களிடமே விட்டுப் போகச் சொன்னேன். காலை ஏழு மணிக்கு இக்னிஷனைப் போட்டேன். வெளிக்காற்று 27, உள்ளே வரும் காற்று 28, கூலன்ட் 63. பதினோரு மணி நேரம் தூங்கிய எஞ்சின், சூடாக இருக்கிறேன் என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி, குளிர்ந்த எஞ்சினுக்குத் தர வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தரவில்லை. விரல் அளவு சென்சார் ஒன்றை மாற்றியதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. உரிமையாளர் அந்த 63-ஐத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

சென்சாரின் கம்பி அறுந்திருந்தால் எண் மைனஸ் 40 என்று காட்டும். பெரும்பாலும் ரேடியேட்டர் விசிறியும் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும்.

ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, ஆன பிறகு ஒழுங்காக ஓடுகிறது

சுற்றும் வேகத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி. இரவு நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்றுவதுதான் வழி. நம் ஊர் சூட்டில் பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் உள்ளுக்குள் தேய்ந்துவிடும், ஆனால் இங்கே அதைக் காட்டிக்கொள்ளாது. 15 டிகிரியில் ஆயிலும் கெட்டியாகி, பேட்டரியின் பலமும் குறையும்போது கையை விரித்துவிடும். எஞ்சின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதி உள்ள கார் என்றால், அதற்கென்று உள்ள ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைப் பேட்டரியைத்தான் போட வேண்டும். சாதா பேட்டரி போட்டால் வருடத்துக்குள் திரும்பி வருவீர்கள்.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அழுத்தம். இதற்குச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி இக்னிஷனை மட்டும் போடுங்கள். மூன்று விநாடி பொறுத்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால், இரவில் குழாயிலிருந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். டேங்கில் உள்ள பம்பின் வால்வு தளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் ஓர் இன்ஜெக்டர் சொட்டுகிறது. சொட்டும் இன்ஜெக்டர் என்றால் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து வரும்.

முதல் ஒரு நிமிடம் உதறல், எஞ்சின் விளக்கு மின்னுகிறது

விளக்கு விட்டு விட்டு மின்னினால் அழுத்தி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். அந்தச் செலவு உதறலுக்கான செலவைப் போல் பல மடங்கு.

கருவியில் பி0301, பி0302 என்று குறியீடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர் எண். இரண்டாம் சிலிண்டர் என்றால், அதன் காயிலைக் (பிளக்குக்கு மின்சாரம் தருவது) கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதன் காயிலை இரண்டில் போட்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக். பல டர்போ எஞ்சின்களில் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்தான். டர்போ காற்றை அமுக்கித் தள்ளுவதால், தீப்பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். அதனால்தான் இடைவெளி இவ்வளவு சிறியது. தேய்ந்து 0.9, 1.0 என்று போன பிளக், சூடான எஞ்சினில் சமாளித்துவிடும், குளிர்ந்த எஞ்சினில் தடுமாறும். டர்போ இல்லாத பழைய காரில் ஓடியது போல இதிலும் லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டையும் மாற்றியும் உதறல் நிற்கவில்லை, சூடானதும் நின்றுவிடுகிறது, கார் அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றால் வால்வில் கரி. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில், உள்ளே காற்று விடும் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. அதனால் ஆயில் ஆவி அங்கே படிந்து, கருகி, இறுகிவிடுகிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: டேங்கில் ஊற்றும் கிளீனர் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அந்தக் கரியைத் தொடாது, ஏனென்றால் பெட்ரோல் அந்தப் பக்கம் போவதில்லை. காற்று உள்ளே போகும் இன்டேக் மெனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அரை நாள் வேலை. செய்து முடித்த வால்வைப் பார்த்தால், பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தது போல இருக்கும்.

ஸ்டார்ட் செய்த நொடியில் சத்தம்

எஞ்சின் வேகம் 1,200, 1,500 என்று உயர்ந்து ஒரு நிமிடத்துக்குள் இறங்குவது இயல்பு. கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகக் கம்ப்யூட்டரே செய்வது. இன்ஜெக்டரின் டிக் டிக் சத்தமும் இயல்புதான்.

கடகடவென்று இரண்டு மூன்று விநாடி சங்கிலி உரசுவது போல் கேட்டால் அது வேறு. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் தினமும் கேட்கிறது என்றால் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், செயின் நீண்டிருக்கலாம். செயின் பற்களைத் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடலாம். கேமரன் மலைப் பயணத்தைத் தள்ளிப்போட்டாவது இதைப் பாருங்கள்.

முதல் சில நிமிடம் இழுவை இல்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. ஆயில் சூடாகும்வரை கம்ப்யூட்டர் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று உடனே அழுத்திவிடாதீர்கள். ஆயில் சூடாவதற்கு அதைவிட இரண்டு மடங்கு நேரம்கூட ஆகலாம். அதற்காக நிறுத்தி வைத்து எஞ்சினைச் சூடாக்கவும் வேண்டாம். அது மெதுவாகத்தான் சூடாகும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், நிறுத்திய வாகனத்தில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட. அரை நிமிடம் பொறுத்து, கிளம்பி, முதல் பத்து நிமிடம் 2,500 சுற்றுக்குள் ஓட்டுங்கள்.

ஆயில் அளவு ஏறியிருக்கிறது, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பெட்ரோல் வாடை

ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

குளிர்ந்த சிலிண்டரில் பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே ஆயிலில் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் அது ஆவியாகி வெளியேறிவிடும். எட்டு நிமிட ஓட்டத்தில் வெளியேறாது, நாளுக்கு நாள் சேரும். 2018-ஐ ஒட்டி, ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில் வட சீனாவிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் இதே பிரச்சினை பெரிதாக வெடித்தது. அந்த நிறுவனம் சீனாவில் கார்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. அமெரிக்காவில் உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது. அங்கே குளிர் செய்ததை இங்கே குறுகிய தூர ஓட்டம் சிறிய அளவில் செய்கிறது. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய், டர்போவின் தண்டைத் தாங்கும் படலம் மெலிந்துவிடும்.

பார்ப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, இரவு நின்ற பிறகு டிப்ஸ்டிக்கை வெள்ளைத் தாளில் துடையுங்கள். மேல் கோட்டைத் தாண்டி இருக்கிறதா? நுனியை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் அடிக்கிறதா? தாளில் விட்ட சொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஆயிலை உடனே மாற்றுங்கள். கெட்டி ஆயில் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். கம்பெனி சொன்ன தரத்தையே போட்டு, கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாரத்தில் ஒருநாள் பிஐஇ-யில் சாங்கி வரை ஒரு சுற்று போய்வந்தால் போதும், எஞ்சின் தன்னைத் தானே உலர்த்திக்கொள்ளும்.

ஆயில் மூடியின் அடியில் தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பெரும்பாலும் ஈரம்தான், காரணமும் இதேதான். டிப்ஸ்டிக்கிலும் அதே வெள்ளை, கூலன்ட் அளவும் குறைகிறது என்றால் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

இறக்கத்தில் சூடு குறைகிறது

ஆயிலில் பெட்ரோல் கலப்பதற்குப் பின்னால் பல சமயம் ஒளிந்திருப்பது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் ஒருபோதும் முழுச்சூட்டுக்கு வராது. சிங்கப்பூரின் நெரிசலில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் வெளியிலேயே 32 டிகிரி. கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங்கிலிருந்து அடிவாரத்தில் உள்ள சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது தெரிந்துவிடும். காலை 16 டிகிரிக் காற்று, கால் ஆக்சிலரேட்டரில் இல்லை, சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை. நல்ல தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றும். மாட்டிக்கொண்டது என்றால் ஓபிடியில் எண் 88, 80, 71 என்று இறங்கிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். காரின் முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது 75-க்கும் 105-க்கும் இடையே எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. பி0128 குறியீடு வந்தால் பெரும்பாலும் இதுதான்.

மலைக்குப் போகாமலும் சோதிக்கலாம். இரவில் விரைவுச்சாலையில் 80-ல் சீராகப் போகும்போது 75-க்குக் கீழே இறங்கி, சிக்னலில் நிற்கும்போது மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள். நம் சூட்டுக்கு எதற்குத் தெர்மோஸ்டாட் என்று அதைக் கழற்றிப் போடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மலையில் மட்டும் டர்போ வீக்

குளிர்ந்த காற்று அடர்த்தி, அதனால் மலையில் டர்போ இன்னும் நன்றாக இழுக்கும் என்று நினைப்பார்கள். அடர்த்தி என்பது சரி, ஆனால் கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. குளிரால் கிடைக்கும் லாபத்தை உயரம் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்ப டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். இங்கே தெரியாத சின்னக் கசிவுகூட அங்கே பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

அழுத்தும்போது உஸ்ஸ் என்ற சத்தமும், டர்போ அழுத்தம் போதவில்லை என்று சொல்லும் பி0299 குறியீடும் வந்தால், டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள். டர்போவிலிருந்து அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களின் இணைப்புகளைப் பாருங்கள். கசியும் இடத்தில் பிசுபிசுவென்று ஆயில் ஈரம் இருக்கும். பட்டறையில் புகை விட்டுச் சோதித்தால் பத்து நிமிடத்தில் தெரியும். அதற்கு மாறாக பி0234 வந்தால் அழுத்தம் அளவுக்கு மீறுகிறது; டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் இறுகியிருக்கலாம்.

மலையடிவாரத்தில் உள்ள தாப்பாவிலிருந்து ஏறும்போது உயர்ந்த கியரில் 1,500 சுற்றில் முக்க விடாதீர்கள். குறைந்த வேகத்தில் அதிகச் சுமை வந்தால், பிளக் பொறி விடும் முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கலாம். கியரை இறக்கி 2,500-ல் ஏறுங்கள். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில் இதையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதுதான். பெட்ரோலைப் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பதிவு கொண்ட வாகனங்களுக்கு மலேசியாவில் ரான் 95 விற்பதில்லை. ரான் 97 போடுங்கள், அது எஞ்சினுக்கும் நல்லது.

மழைக் காலையில் அழுத்தினால் திணறல்

நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஈரக்காற்றில் ஓட்டிவிட்டு, முந்திச் செல்ல அழுத்தும்போது இரண்டு மூன்று விநாடி திணறி, மறுபடி சரியாகிறதா? இன்டர்கூலருக்குள் ஈரம் நீராகத் தேங்கி, அழுத்தியதும் மொத்தமாக எஞ்சினுக்குள் போயிருக்கலாம். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 வண்டியின் டர்போ எஞ்சினில் இந்தப் புகார் எழுந்து, 2013-ல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியது. எப்போதாவது நடந்தால் விட்டுவிடலாம். அடிக்கடி நடந்தால் இன்டர்கூலரின் கீழ்க் குழாயைக் கழற்றி, வருவது நீரா ஆயிலா என்று பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி ஆயில் இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் தேங்கியிருந்தால், எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வையும் டர்போவின் ஆயில் சீலையும் சோதிக்க வேண்டும்.

புகை

கேமரன் மலையிலிருந்து காலை ஆறு மணிக்கு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்குத்தான். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது, வண்டியை எடுக்கலாமா என்று கேட்பார்கள். இங்கே அதைப் பார்த்தே பழக்கமில்லாததால் பயந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது; குளிரில் அது கண்ணுக்குத் தெரிகிறது. குழாயிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கரைந்து, வண்டி சூடானதும் நின்றுபோனால் அது வெறும் ஆவி.

கரையாமல் தரையோடு தவழ்ந்து, இனிப்பு வாடை அடித்து, பதினைந்து நிமிடம் கழிந்தும் வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் மலையிலிருந்து ஓட்டி இறங்காதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். நீலப் புகை ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடி மட்டும் வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு அழுத்தும்போது நீலமாக வந்தால் டர்போ சீல் அல்லது பிசிவி. அந்த வண்டியில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயிலைப் பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதித்து வீடு வந்து சேருங்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமலேயே இழுத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, குளிர்ந்த நிலையிலேயே நான் பார்க்க முடியும்.